பைனஸ் சருகும் பாத்தி மண்ணும்



ஊவா மலைநாட்டுக்கு நீங்கள் எந்த வழியால் போனாலும் ஒரு மரம் உங்கள் கண்ணில் படாமல் போகாது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வருபவர்கள் பெரகலையில் திரும்பி ஹப்புத்தளைக்கு ஏறும்போது அதைக் காண்பார்கள். அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கமிருந்து மொனராகலை, வெல்லவாய என்று வருபவர்கள் எல்லயைக் கடந்து பண்டாரவளையை நெருங்கும்போது காண்பார்கள். நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு இறங்குபவர்களுக்கும் அது தென்படும். நேராக, கிளை பரப்பாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியது போல மலைச்சரிவு முழுவதும் நிற்கும் அந்த மரத்துக்குப் பெயர் பைனஸ்.

நம்மில் பலர் அந்த மரங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்திருப்போம். பிள்ளைகள் அதன் காய்களைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு வந்திருப்பார்கள். ஆனால் அந்த மரத்துக்குக் கீழே கிடக்கும் சருகை யாரும் கவனிப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சருகைப் பற்றியதுதான். ஏனென்றால், ஊவாவில் காய்ச்சல் மாதங்களில் மலையை எரிப்பதும் அதே சருகு. பக்குவமாக அள்ளி மரக்கறிப் பாத்தியில் பரப்பினால் ஒரு வீட்டுப் பெண்ணின் தண்ணீர்ச் சுமையைக் குறைப்பதும் அதே சருகு.

காட்டுக்குள் நாலு எட்டு

வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் நாலு எட்டு வையுங்கள். முதலில் உங்கள் கால் வழுக்கும். செருப்பைப் பார்த்து வையுங்கள். மெழுகு தடவிய பாயில் நடப்பது போல இருக்கும். உண்மையும் அதுதான். பைனஸ் ஊசியின் மேற்புறம் மெழுகு படிந்தது. காற்று வீசினால் கடலிரைச்சல் போல ஒரு சத்தம் மேலே கேட்கும். கீழே பறவைச் சத்தம் குறைவு. புல்லும் செடியும் குறைவு. எங்கு பார்த்தாலும் செம்பழுப்பு நிறச் சருகுதான்.

ஒரு சருகை எடுத்துப் பாருங்கள். ஒரே காம்பில் பெரும்பாலும் மூன்று ஊசிகள் சேர்ந்திருக்கும். ஓர் ஊசியின் நீளம் 6 முதல் 10 அங்குலம் வரை வரும். இப்போது கையை மெதுவாகச் சருகுப் படைக்குள் விடுங்கள். மேலே உள்ளது மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். கொஞ்சம் உள்ளே போனால் நிறம் கறுத்து, சில்லென்று ஈரம் தட்டும். வெள்ளை நூல் போலப் பூஞ்சணம் ஓடியிருக்கும். பக்கத்தில் சருகில்லாத வெற்றுத் தரையையும் தொட்டுப் பாருங்கள். அங்கே மண் இறுகி, வெடித்துக் கிடக்கும். நான் சொல்ல வந்த விடயத்தின் பாதி இந்த இரண்டு தொடுகையிலேயே விளங்கிவிடும்.

எங்கிருந்து வந்தது?

நமது நாட்டில் அதிகமாக நடப்பட்ட பைனஸ், கரிபியன் பைன் என்ற இனம். ஹொண்டூராஸ், நிக்கராகுவா போன்ற மத்திய அமெரிக்க நாடுகளும் கியூபா, பஹாமஸ் தீவுகளும்தான் அதன் சொந்த ஊர். மலைநாட்டில் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களும், பத்தனை என்று சொல்லப்படும் புல்வெளிகளும் மண் அரித்துக் கிடந்தபோது, 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் இதைப் பெருமளவில் நட்டார்கள். அது மகாவலி அணைகள் கட்டப்பட்ட காலம். விக்டோரியா நீர்த்தேக்கம் 1985இல் திறக்கப்பட்டது. அந்த நீர்த்தேக்கங்களுக்கு மேலேயுள்ள மொட்டை மலைகளை எப்படியாவது மூட வேண்டியிருந்தது. வேறு மரம் பிழைக்காத வறண்ட, மெலிந்த மண்ணிலும் பைனஸ் பிழைத்தது, விரைவாக வளர்ந்தது. பலகைக்கும் பிசினுக்கும் உதவும் என்ற கணக்கும் இருந்தது. மரத்தின் அடியில் பட்டையைச் சீவிப் பிசின் வடிக்கும் வேலை நடந்த தழும்புகளைச் சில இடங்களில் நீங்களும் காணலாம்.

ஆனால் ஊர் மக்கள் இந்த மரத்தை நேசிக்கவில்லை. “பைனஸ் வந்தபிறகு ஊற்று வற்றிப் போச்சு” என்று மலைநாட்டில் சொல்லாத ஊர் குறைவு. இதை வெறும் மனக்கசப்பு என்று தள்ளிவிட முடியாது. புல்வெளியாக இருந்த இடத்தில் வருடம் முழுவதும் பசுமையாக நிற்கும் உயர்ந்த மரங்களை நட்டால், அவை மண்ணிலிருந்து கூடுதலான நீரை உறிஞ்சிக் காற்றுக்குக் கொடுக்கும். தென்னாபிரிக்காவில் புல்வெளி மலைகளில் பைன் நட்டுப் பல வருடங்கள் அளந்து பார்த்தபோது, அங்குள்ள ஓடைகளின் நீர் குறைந்தது தெரியவந்தது.

இன்னொரு குற்றச்சாட்டு, “பைனஸ் நஞ்சு மரம், அதன் கீழே ஒன்றுமே முளைக்காது” என்பது. இது சரியல்ல. சிங்கராஜக் காட்டின் ஓரத்தில் நடப்பட்ட பைனஸ் தோப்புகளில், பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து 1991இல் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார்கள். பைனஸ் மரங்களுக்கு நடுவே, சில இடங்களில் மர வரிசைகளை வெட்டி வெளிச்சம் விட்டு, நம் மழைக்காட்டு மரக் கன்றுகளை நட்டார்கள். கன்றுகள் பிழைத்தன. வெளிச்சம் கிடைத்த இடத்தில் நன்றாகவும் வளர்ந்தன. அதாவது, நஞ்சு மரம் என்று நாம் ஒதுக்கியது மற்ற மரங்களுக்குச் செவிலித் தாயாகவும் இருந்திருக்கிறது. ஊவாவின் வறண்ட தோப்புகளில் கீழே ஒன்றும் முளைக்காததற்குக் காரணம் நிழல், வறட்சி, மெலிந்த மண், விதையை மண்ணில் தொடவிடாத தடித்த சருகு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தீ.

தீ என்ற பெரும் சோதனை

ஊவாவின் காலநிலையை அங்கு வாழ்க்கைப்பட்ட சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜூன் முதல் செப்டெம்பர் வரை, மலைக்கு அந்தப் பக்கம் மேற்கே மழை கொட்டும்போது, இந்தப் பக்கம் வெறும் காற்று மட்டும் வீசும். காய்ந்த காற்று, காயப்போட்ட துணியை அரை மணித்தியாலத்தில் உலர்த்திவிடும். ஊற்று மெலியும். குழாயில் தண்ணீர் முறை வைத்து வரும். பீலியில் குடங்கள் வரிசையாக நிற்கும். அந்த மாதங்களில்தான் பைனஸ் காடும் பற்றிக்கொள்ளும்.

ஊசிச் சருகு சாதாரண இலைபோல ஒன்றன் மேல் ஒன்று படிந்து கிடப்பதில்லை. குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துக்கொண்டு, நடுவில் காற்று நிறைந்து கிடக்கும். ஊசியில் பிசினும் உண்டு. ஒரு சிகரெட் துண்டு போதும், யாரோ புல்லுக்கு வைத்த தீ போதும், மலைச்சரிவில் ஓடி ஏறிவிடும். தடித்த பட்டையுள்ள பெரிய பைனஸ் மரம் பெரும்பாலும் தப்பிவிடும். அதன் கீழே தப்பித்தவறி முளைத்த நெல்லிக் கன்றும் புல்லும்தான் சாம்பலாகும்.

தீயோடு கதை முடிந்துவிடுவதுமில்லை. ஒக்டோபரில் மழை இறங்கும். போர்வை எரிந்துபோன சரிவில் ஒவ்வொரு மழைத்துளியும் நேரே மண்ணில் அடிக்கும். மண் கரைந்து ஓடையில் இறங்கி, ஓடை உமா ஓயாவில் சேர்ந்து, உமா ஓயா அதை ரந்தெம்பை நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டும். 1990இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறிய நீர்த்தேக்கம் வண்டல் நிறைந்து அவதிப்படுவதற்கு மேலேயுள்ள மலைகளிலிருந்து வரும் இந்த மண்தான் காரணம். அதில் எரிந்த காட்டின் மண் மட்டுமல்ல, நமது மரக்கறித் தோட்டங்களின் மண்ணும் இருக்கிறது.

ஒரு ராத்தாவின் தோட்டம்

வெலிமடைப் பக்கம் குருத்தலாவை, சில்மியாபுர போன்ற இடங்களில் நம் சமூகத்தார் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். உருளைக்கிழங்கும் போஞ்சியும் கோவாவும் கரட்டும் விளையும் பூமி அது. அந்தப் பகுதியில் ஒரு வீட்டின் பின்புறத்தில்தான் பைனஸ் சருகு பரப்பிய பாத்திகளை நான் பார்த்தேன். தக்காளி நாலு வரிசை, கொச்சிக்காய் இரண்டு வரிசை, ஓரத்தில் கொஞ்சம் ஸ்ட்ரோபெரி. மண்ணே தெரியவில்லை. செம்பழுப்புப் பாய் விரித்து அதன் நடுவே செடிகளை நட்டது போல இருந்தது.

“ராத்தா, இது பைனஸ் சருகுதானே? செடி கருகிப் போகாதா?” என்று கேட்டேன்.

“எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க மகள். நானும் பயந்து பயந்து ஒரு பாத்திக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். முந்தி ஒவ்வொரு நாளும் அந்தியில தண்ணி ஊத்தணும். இப்ப ரெண்டு நாளைக்கு ஒருக்கா, சில நேரம் மூணு நாளைக்கு ஒருக்கா. பீலியிலயிருந்து தூக்குற எனக்குத்தானே அந்த வித்தியாசம் தெரியும்!”

வுழூச் செய்யும் இடத்திலிருந்து வழியும் தண்ணீரையும் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி அந்தப் பாத்திக்கே திருப்பியிருந்தார். அந்த வீட்டில் ஒரு சொட்டும் வீணாகவில்லை.

மண்ணுக்கு ஒரு போர்வை

ராத்தா செய்ததற்கு விவசாயத் திணைக்களப் போதனாசிரியர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பத்திரக்கலவை இடுதல்’. மூடாக்கு என்றும் சொல்வார்கள். வைக்கோல், தென்னோலை, காய்ந்த புல், கிளிரிசிடியா இலை என்று எதையாவது போட்டு மண்ணை மூடி வைப்பதுதான் அது. வெயிலும் காற்றும் மண்ணை நேரடியாகத் தொடாததால் ஈரம் மெதுவாகவே குறையும். மழைத்துளி சருகில் விழுந்து உடைந்து, பிறகு மண்ணுக்குள் இறங்கும். வெளிச்சம் கிடைக்காமல் சிறு களைகள் முளைப்பது குறையும். தக்காளியும் ஸ்ட்ரோபெரியும் சேற்றில் படாமல் சுத்தமாக இருக்கும்.

இந்த வேலைக்குப் பைனஸ் ஊசிக்குச் சில தனிச் சிறப்புகள் உண்டு. ஊசிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் சரிவான நிலத்திலும் மழைக்கு அடித்துக்கொண்டு போகாது. காற்றிலும் எளிதில் பறக்காது. அகன்ற இலைகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு தகடுபோல ஆகிவிடும். ஊசிச் சருகு அப்படி ஆகாது. தண்ணீர் தாராளமாக உள்ளே இறங்கும். மெழுகும் நாரும் கூடியது என்பதால் மெதுவாகவே உக்கும். வைக்கோலை ஒரு போகத்தில் இரண்டு முறை போட வேண்டி வந்தால், இதை ஒருமுறை போட்டால் போதும்.

“அமிலம் கூடி மண் கெட்டுவிடாதா?” என்ற கேள்வி உங்களுக்கு இருக்கும். பச்சை ஊசியில் அமிலத்தன்மை அதிகம் என்பது உண்மை. ஆனால் காய்ந்து உதிர்ந்த சருகை மண்ணின் மேலே பரப்புவதால் கீழேயுள்ள மண்ணின் அமிலத்தன்மை குறிப்பிடும்படி மாறுவதில்லை. உக்கும்போது அந்த அமிலம் தணிந்துவிடுகிறது. மலைநாட்டு மண் இயல்பாகவே அமிலத்தன்மை கூடியது. தேயிலை அங்கே செழிப்பதும் அதனால்தான். உங்கள் தோட்டத்துக் கோவாவும் பீட்ரூட்டும் வளராமல் நின்றால் சருகைக் குறை சொல்ல வேண்டாம். விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு மண்ணைப் பரிசோதித்து, அவர் சொல்லும் அளவுக்கு டொலமைட் இடுங்கள்.

எப்படிச் செய்வது?

முதலில் சருகு சேகரிப்பது. தோப்பு அரசாங்கத்துடையதாக இருந்தால் வனப் பாதுகாப்புத் திணைக்கள அலுவலரிடமும், தோட்டத்துடையதாக இருந்தால் துரையிடமும் கேட்டுக்கொண்டே எடுங்கள். கேட்காமல் எடுத்து வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம். வீதியோரம், வடிகான், பாடசாலை வளவு, வீட்டைச் சுற்றி நிற்கும் மரங்களின் அடி ஆகிய இடங்களில் கிடப்பதே ஒரு வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். செங்குத்தான சரிவில் மண் தெரியும்வரை வாரி எடுக்காதீர்கள். அங்கே அந்தச் சருகுதான் மலையின் போர்வை. நம் பாத்தியை மூட மலையை நிர்வாணமாக்குவது நியாயமாகாது. மேலே கிடக்கும் காய்ந்த, செம்பழுப்பு ஊசியை மட்டும் எடுத்து, கீழேயுள்ள கறுத்த படையை அப்படியே விடுங்கள்.

வெறுங்கையால் அள்ள வேண்டாம். சருகுக்குள் தேளும் மட்டத்தேளும் இருக்கலாம். நீண்ட பிடியுள்ள வாரியால் இழுத்து, உதறி, காயும் குச்சியும் நீக்கிப் பையில் போடுங்கள். 10 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள ஒரு பாத்திக்கு 50 கிலோ உரப்பையில் அமுக்காமல் நிரப்பிய மூன்று பை அளவு போதும்.

பரப்பும் முறையும் எளிதுதான்.

பாத்தியில் களை பிடுங்கி, கூட்டெரு இட்டு, நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணின் மேல் சருகைப் போட்டால் நீங்கள் மூடி வைப்பது வறட்சியைத்தான். மண் நனைந்த பிறகே போர்த்த வேண்டும்.

நாற்று நடும் பயிர்களான தக்காளி, கொச்சிக்காய், கத்தரி, கோவா என்பவற்றுக்கு, நாற்று வேர் பிடித்து நிமிர்ந்த பிறகு இடுங்கள். கரட், பீட்ரூட், கீரை போன்று நேரே விதைக்கும் பயிர்களுக்கு, முளைத்து ஒரு சாண் உயரம் வரும்வரை பொறுத்திருங்கள். தடித்த சருகைத் துளைத்துக்கொண்டு சிறு விதை மேலே வராது.

கையால் தளர்வாக 3 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். இரண்டு மழையில் அது தானாகவே 2 அங்குலத்துக்கு அமர்ந்துவிடும். சரிவான நிலமென்றால் ஊசிகள் சரிவுக்குக் குறுக்காக இருக்குமாறு போடுங்கள். தண்டைச் சுற்றி இரண்டு விரல் அகலம் வெறுமையாக விடுங்கள். தண்டோடு ஒட்டினால் ஈரம் தங்கி அழுகல் வரும்.

பூவாளியால் ஊற்றுவதைவிடச் செடியின் அடியில் மெதுவாக ஊற்றுவது நல்லது. ஊற்ற வேண்டுமா என்பதை மேலே பார்த்து முடிவு செய்யாதீர்கள். சருகை விலக்கி, மண்ணுக்குள் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் வாளியைத் தூக்கத் தேவையில்லை.

கவனம் தேவை

நல்லதைச் சொன்ன வாயால் குறையையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, தீ. காட்டில் பற்றும் சருகு வீட்டிலும் பற்றும். குசினிச் சுவர், விறகடுப்பு, குப்பை எரிக்கும் குழி, காஸ் சிலிண்டர் வைத்திருக்கும் இடம் என்பவற்றுக்குக் குறைந்தது 10 அடி தள்ளியே பரப்புங்கள். சேகரித்த பைகளைச் சுவரோரம் அடுக்கி வைக்காதீர்கள். நுளம்புத்திரியை அதன் பக்கத்தில் கொளுத்த வேண்டாம். அடுப்புச் சாம்பலை முழுவதும் ஆறிய பிறகே தோட்டத்தில் கொட்டுங்கள்.

இரண்டாவது, இது பசளையல்ல. ஊசியில் நைதரசன் மிகக் குறைவு. காபன் மிக அதிகம். மேலே கிடக்கும்வரை பயிருக்குக் கெடுதியில்லை. மண்வெட்டியால் கொத்தி மண்ணுக்குள் புதைத்துவிட்டால், அதை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைப் பிடித்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். பலர் “பைனஸ் போட்டேன், செடி வெளிறிப் போனது” என்று சொல்வது இப்படிப் புதைத்ததால்தான். போகம் முடிந்ததும் சருகை ஓரமாக வாரி வைத்து, மண்ணைப் பண்படுத்தி, மறுபடி மேலே பரப்புங்கள். அடியில் கறுத்துப் பொடிந்து போனதைக் கூட்டெருக் குவியலில் போடுங்கள். கிளிரிசிடியா இலை, மரக்கறிக் கழிவு, ஆட்டுப் புழுக்கை, கோழி எரு என்பவற்றோடு மெல்லிய படையாகக் கலந்தால் அதுவும் உக்கும். பொறுமை மட்டும் வேண்டும்.

மூன்றாவது, மழை மாதங்கள். நவம்பர், டிசெம்பரில் நாள்கணக்கில் மழை பெய்யும்போது தடித்த சருகின் கீழே நத்தையும் ஓடில்லா நத்தையும் ஒளிந்துகொள்ளும். அந்த நாட்களில் சருகை மெலிதாக்கி, காலையில் தூக்கிப் பார்த்து அவற்றைப் பொறுக்கிவிடுங்கள்.

நான்காவது, ஆடு மாடுகளுக்கு இதைத் தீனியாகக் கொடுக்காதீர்கள். மேற்கு அமெரிக்காவில் பொண்டரோசா பைன் என்ற இனத்தின் ஊசியைத் தின்ற சினைப் பசுக்களுக்குக் கன்று கலைந்திருக்கிறது. நம்முடையது வேறு இனம்தான் என்றாலும் சோதித்துப் பார்க்கும் விடயமல்ல இது.

கடைசியாக, பாத்தியின் மேல்மண்ணை மழை கரைத்துக்கொண்டு போவதைச் சருகு குறைக்கும். மலை சரிவதை அது தடுக்காது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்து எத்தனை குடும்பங்கள் புதையுண்டன என்பதை நாம் மறக்க முடியாது. சுவரில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகிய அறிகுறிகளைக் கண்டால் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் வீட்டைவிட்டு வெளியேறுவதுதான் புத்தி.

மற்ற நாடுகளில்

நாம் காலால் தள்ளிவிட்டுப் போகும் இந்தச் சருகு வேறு நாடுகளில் விலைபோகும் பொருள். அமெரிக்காவின் ஜோர்ஜியா, வட கரோலினா, புளோரிடா மாநிலங்களில் பைன் சருகை வைக்கோல் போலக் கட்டுக்கட்டாகக் கட்டித் தோட்டங்களுக்கு விற்கிறார்கள். அங்குள்ள ஓர் இனத்தின் ஊசி ஒன்றரை அடிவரைகூட நீளும். நீளம் கூடக் கூட மதிப்பும் கூடும்.

இந்தியாவின் உத்தரகாண்ட் மலைகளில் நம் ஊவாவின் கதை அப்படியே நடக்கிறது. அங்கே சருகுக்குப் பெயர் ‘பிரூல்’. கோடையில் மலையே எரிகிறது. மாட்டுக் கொட்டிலில் படுக்கையாகப் பரப்பி, சாணமும் மூத்திரமும் ஊறிய பிறகு அதை எருவாக்குவது அங்குள்ள பெண்களின் பழைய வழக்கம். நைதரசன் குறைந்த சருகுக்கு நைதரசன் சேர்க்கும் வழியை அவர்கள் புத்தகம் படிக்காமலே கண்டுகொண்டார்கள். 2024இல் பெரும் தீ பரவியபோது அந்த மாநில அரசு, பிரூலைச் சேகரித்துக் கொண்டுவந்தால் கிலோவுக்கு 50 இந்திய ரூபா தருவதாக அறிவித்தது. தீயை அணைக்கச் செலவழிப்பதைவிடத் தீனியை அகற்றுவது மலிவு என்ற கணக்குத்தான்.

நம் ஊரில் அப்படி யாரும் விலை கொடுத்து வாங்க வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கிராமத்தில் இருபது வீட்டுப் பெண்கள், ஜூன் பிறக்குமுன், அனுமதி பெற்று, ஊருக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள எல்லையில் ஒரு பட்டை அகலத்துக்குச் சருகை வாரித் தங்கள் பாத்திகளுக்குக் கொண்டுபோனால் இரண்டு நன்மை. பாத்திக்குப் போர்வை கிடைக்கும்; தீ ஊருக்குள் இறங்கும் பாதையும் வெறுமையாகும். வாரும் இடம் சரிவாக இல்லாமல் சமதரையாகவும் பாதையோரமாகவும் இருக்கட்டும்.

உங்கள் வாசலில் உதிர்வது எது?

“எங்கள் ஊரில் பைனஸ் இல்லையே!” என்று புத்தளத்திலும் காத்தான்குடியிலும் பேருவளையிலும் இருக்கும் சகோதரிகள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இதற்காக யாரும் மலையேற வேண்டாம். கிழக்குக் கரையில் சவுக்குச் சருகு உண்டு. பார்வைக்குப் பைனஸ் ஊசி போலவே இருந்தாலும் சவுக்கு வேறு குடும்பத்து மரம். மணல் மண்ணை மூட அது நல்லது. தென்னை நிற்கும் வளவில் ஓலையும் பொச்சும் உண்டு. வயலோரம் வைக்கோல் உண்டு. பலா மர நிழலில் பலா இலை உண்டு. காலையில் எழுந்து வளவைக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கும் பழக்கம் நம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. வளவு சுத்தமாக இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் குவியல் புகையாகப் போய்ப் பிள்ளைகளின் நெஞ்சில் சேருவதைவிட, பாத்தியின் மேல் கிடந்து ஈரம் காப்பது மேல் அல்லவா?

என் பேச்சை மட்டும் நம்பிச் செய்யச் சொல்லவில்லை. அடுத்த வாரமே ஒரு பாத்தியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியைச் சருகால் மூடுங்கள். மறு பாதியை வழக்கம்போல விடுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றாம் நாள் அந்தியில் இரண்டு பக்கத்து மண்ணிலும் விரலை விட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டு ராத்தாவையும் கூப்பிட்டு அவர் விரலையும் விடச் சொல்லுங்கள்.